தேவா நிறுத்திய மெஷின்

தேவா மறுபடியும் மெஷினை நிறுத்திவிட்டான்.

பாதி செதுக்கிய கதவுப் பலகையின் மேல் கட்டர் அப்படியே நின்றிருந்தது. ஓரத்தில், சுண்டுவிரல் பருமனில் இருந்த சென்சாரின் பின்னால் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. சென்சாருக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

அமலா ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். "வந்துட்டியா?" என்றாள் மெல்ல.

திண்டிவனத்தில், வீட்டை ஒட்டிய இந்தத் தகரக் கொட்டகையில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் அந்த சி.என்.சி. மெஷினுக்கு ஒவ்வொரு ஒயராக மாட்டியவன் அவள் புருஷன் தேவா. பைபாஸில் நடந்த விபத்தில் அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கதவு செதுக்கும் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

கட்டர் எல்லை தாண்டிப் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த சென்சார். இரும்பு, தகரம் என்று எந்த உலோகம் கிட்டே வந்தாலும் விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும். முன்பு ஒருமுறை எலி ஒயரைக் கடித்துவிட, விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் தென்னரசு வந்து புது ஒயர் இழுத்துக் கொடுத்தான். "இது இன்னா தம்பி?" என்று கேட்ட மாமியார் பூமாலைக்கு, குழம்புக் கரண்டியை சென்சாரிடம் நீட்டி விளக்கை எரிய வைத்துக் காட்டினான். பூமாலையும் கரண்டியை வாங்கி எரிய வைத்துப் பார்த்துச் சிரித்தாள். தேவா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. எதிரே எதுவும் இல்லாமலே விளக்கு எரியும். தென்னரசுக்குப் போன் போட்டுவிட்டு அமலா உள்ளே போய்க் காபி குடித்து வருவதற்குள் அணைந்திருக்கும். அவன் சென்சாரை மாற்றினான், ஒயரை மாற்றினான். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி நிற்கும்.

தென்னரசு வரும் நேரம் பார்த்து தேவா கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். அமலாவுக்கு அப்படித்தான் பட்டது.

போன தடவை வந்தபோது, டூல்ஸ் பையை மூடிக்கொண்டே தென்னரசு கேட்டிருந்தான். "என்னக் கட்டிக்கிறீங்களா அமலா? ஒங்க அத்தயும் நம்மகூடவே இருக்கட்டும்." சரி என்று சொல்ல மனசு துடித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். இதோ, அவள் யோசித்து முடிப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. அவனுக்குப் போன் போட்டாகிவிட்டது; வந்துகொண்டிருக்கிறான்.

"அமலா, போயி மொகம் கழுவிக்கினு வா. நான் இங்க குந்திக்கிறேன்" என்றபடி வந்தாள் பூமாலை.

"வேணாம் அத்த."

"கொழம்பு கொதிக்குதுடி. ஜல்தியா போயி எறக்கு."

"நீங்களே எறக்குங்க. இன்னிக்கி நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

பூமாலை வாசலையும் சென்சாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேஜாரு புடிச்ச பொண்ணு!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வெயிலில் கூரைத் தகரம் முறுக்கிக்கொண்டு சத்தமிட்டது. அமலா விளக்கின் பக்கம் குனிந்தாள். "தென்னரசு வேணாம்னு சொல்லிடுறேன். அப்பவாச்சும் அணைப்பியா?"

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பைக் சத்தம் கேட்டது. தென்னரசு உள்ளே வந்தான். அப்போதும் அது அணையவில்லை. அமலா ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"இந்த வாட்டி அவரு போவல" என்றாள்.

"யாரு?"

"தேவா."

தென்னரசு டூல்ஸ் பையைக் கீழே வைத்தான். "அமலா, இது இரும்பு, தகரம் மாதிரி உலோகத்தத்தான் பாக்கும். கைய வெச்சாகூட எரியாது. ஆவியப் புடிக்கிற சென்சார் இன்னும் எந்தக் கடையிலயும் விக்கல."

அவள் சிரிக்கவில்லை. "நம்ம பேச்சு அவருக்குப் புடிக்கல. இதோட வுட்டுடலாங்க."

அவன் முகம் சுருங்கிப் போனது. "செரி. கடைசியா ஒரு தடவ பாத்துக் குடுத்துட்டுப் போயிடுறேன்" என்று மட்டும் சொல்லி, ஒயர் இணைப்பைப் பிரிக்காமல் சென்சாரை மட்டும் கழற்றிக் கையில் தூக்கினான்.

வெறும் காற்றிலும் அது எரிந்தது. அமலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்துல எதப் பாக்குது இது?" தென்னரசு அதன் முனையைக் கட்டை விரலால் தேய்த்தான். மரத்தூள் உதிர்ந்தது. நகத்தில் ஏதோ மாட்டியது.

மாத்திரை அட்டையின் வெள்ளிக் காகிதம். முனையின் அளவுக்கு வட்டமாக நறுக்கி, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தது. அவன் அதைப் பிய்த்து எடுத்ததும் விளக்கு அணைந்தது.

இருவரும் திரும்பினார்கள். வாசலில் பூமாலை சோற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். அவர்கள் பார்வை பட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்த... நீங்களா?" என்றாள் அமலா. "ஒங்க புள்ள எடத்துக்கு வேற ஒருத்தரு வரக்கூடாதுன்னு நேரா சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? இப்புடியா என்னப் பயமுறுத்துவீங்க?"

பூமாலை தட்டைத் தென்னரசின் கையில் கொடுத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெஷினு நல்லா ஓடிக்கினு இருந்தா, இந்தப் புள்ள எதுக்குடி நம்ம வூட்டுக்கு வரப்போவுது?"