மிதவைக்கு இந்தப் பக்கம்

நேவி சாமான் இறக்குகிற பழைய இறங்குதுறையை உடைக்கிறார்கள். பக்கத்திலேயே புதியதற்குக் கொங்கிறீட் தூண்களை மெசின் கடலுக்குள் அடித்து இறக்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் நிற்கிற பலகை அதிர்ந்து உள்ளங்கால் கூசுகிறது. வெயில் தண்ணியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. கூலிக்கு நின்று துருப்பிடித்த இரும்பை அறுக்கிற ஜெனுசன், நேவி எல்லை காட்டப் புதிதாகப் போட்ட சிவப்பு மிதவைகளைத் தாண்டி ஒரு வள்ளம் வருவதைக் காண்கிறான். தாய்மாமன் அருளப்பு. அவர் வலை போட்டுப் பழகிய இடம் இதுதான். "என்ன மருமோன், நேவியில சேந்திட்டியோ? கொம்மா ஒண்டும் சொல்லேல்லையே!" என்று இரண்டு அடிகளுக்கு இடையில் குரல் கொடுத்துச் சிரிக்கிறார். காவலுக்கு நிற்கிற கடற்படைக்காரனுக்குத் தமிழ் வராது. ஜெனுசனின் தோளில் தட்டி, வள்ளத்தைக் காட்டி, துரத்து என்று கையை வீசுகிறான். "மாமா, இனி இதுக்குள்ள வரேலாதாம். திருப்புங்கோ." தூண் அடிக்கிற சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை. அருளப்பு வீசுவதற்குக் குனிந்து வலையை எடுக்கிறார். கடற்படைக்காரன் தோளில் கிடந்த துவக்கைக் கையில் எடுக்கிறான். ஜெனுசன் அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். "எடடா வள்ளத்தை! போடா அங்கால!" அந்த நேரம் பார்த்துத் தூண் அடிக்கிற மெசின் நின்றுவிடுகிறது. கரையில் வலைச் சிக்கெடுக்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அருளப்பு வலையைக் கீழே விடுகிறார். தலையில் கட்டிய துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்கிறார். "ஓம் சேர்," என்கிறார் ஜெனுசனைப் பார்த்து, "இந்தா எடுக்கிறன்."