சாய்ந்த பூவரசு

கயிறு இழுக்கும் போட்டியில் மெக்கானிக்கல் துறை ஜெயித்ததற்கு அந்த அணியின் எட்டுப் பேரும், புதருக்குப் பின்னால் கயிற்றின் நுனி ரகசியமாகக் கட்டப்பட்டிருந்த ஒரு பூவரச மரமும் காரணம். சிவில் துறைக்காரர்கள் உள்ளங்கைத் தோல் உரியும்வரை இழுத்துவிட்டு, முடியாமல் கயிற்றை விட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். விசில் ஊதியாயிற்று. வெற்றி ஆட்டம் ஆடி முடித்துக் கயிற்றை அவிழ்க்கப் போனபோதுதான் மெக்கானிக்கல் கேப்டன் எழிலன் கவனித்தான். காலையில் நேராக நின்ற மரம் சிவில் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் வேர்கூட வெளியே தெரிந்தது.

"மச்சி, பிரின்சிபால் தினமும் இதுக்கு அடியிலதான்டா காரை நிறுத்துவாரு. கப்பு குடுக்க வர்றப்ப பாத்தார்னா?"

"கப்பு போயிடும். மானமும் போயிடும்."

"மானம் அப்பவே போயாச்சு. நீ கப்பைப் பாரு."

அதே கயிற்றை மரத்தில் கட்டி, எதிர்ப்பக்கம் நின்று எட்டுச் சாம்பியன்களும் இழுத்தார்கள். ஒருவனுக்குச் செருப்பு அறுந்தது. மரம் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை.

கையில் கட்டோடு தன் ஆட்களுடன் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்த சிவில் கேப்டன் மரியதாஸ் அங்கே நின்றான். கயிற்றைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், அது யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"டேய், எல்லாரும் வந்து ஒரு கை பிடிங்கடா. பாவம், அவனுங்களுக்கு இன்னொரு மரம் கிடைக்கல போல."