ஒரு சொட்டு விஷம்

சீனியம்மா கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரில் ஆய்வாளர் இன்பசெல்வி சோதனைக் கருவியின் மின்முனையை இறக்கினாள். நுனியில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைப் பூசியிருந்தாள். ஆர்சனிக் விஷம் இருந்தால் திரையில் கோடு முகடாக எழும். எழவில்லை.

"நல்ல தண்ணிதான தாயி?" சீனியம்மா கேட்டாள். விஷம் கலந்திருக்குமோ என்று பயந்து கிணற்றை மூடி நாலு மாதமாகிறது.

"பூச்சு கெட்டிருந்தாலும் கோடு இப்படித்தான்க்கா படுத்துக் கிடக்கும். காலையில மறதியா விரலால தொட்டுத் தொலைச்சிட்டேன்."

அதே தண்ணீரில் ஒரு சொட்டு ஆர்சனிக்கை இன்பசெல்வியே விட்டாள். இருவரும் திரையையே பார்த்தார்கள். படுத்திருந்த கோடு தலைதூக்கி, கூராக நிமிர்ந்தது.

"பூச்சு நல்லாத்தான் இருக்கு. நான் விட்ட விஷத்தைத் தவிர வேற எதுவும் இல்லக்கா."

சீனியம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, வாளிக் கயிறை எங்க வச்சீங்க?"