பதினோராவது வார்டு

மறுவரையறையில் ஒன்றியத்தில் ஒரு வார்டைக் குறைக்க வேண்டும்; எதை என்று முடிவாகவில்லை. எல்லைக்கோட்டைப் போட்டுப் போட்டு அழித்து எழுத்தர் தீனதயாளன் களைத்திருந்தார். வந்தவர்களெல்லாம் தங்கள் வார்டை எடுக்கக்கூடாது என்றே மன்றாடினார்கள்.

மத்தியானம் எலவனாசூர்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண் மனுவை நீட்டினாள்.

"பதினோராவது வார்டை எடுத்துடுங்க சார்."

"காலையிலதான் அந்தக் கவுன்சிலரு வந்து, எடுக்கவே கூடாதுன்னு ஒரு மணி நேரம் பேசிக்கினு இருந்தாரு. அவரு மேல உனக்கு இன்னாம்மா கோபம்?"

"கோபம்லாம் இல்லீங்க. அலுத்துப்போச்சு."

"சரி, கையெழுத்து போடு."

அவள் நிதானமாக எழுதினாள்: செல்லியம்மாள், ஒன்றியக் கவுன்சிலர், பதினோராவது வார்டு.

தீனதயாளன் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ காலையில வந்தவரு?"

"எங்க வூட்டுக்காரருங்க. கூட்டத்துக்குப் போறது, கையெழுத்து போடறது எல்லாம் அவருதான். ஜெயிச்ச பொறவு நானா போட்ட மொத கையெழுத்து இதுதாங்க."