மலையேறி வந்த பாறை

கடலுக்கு நடுவே நெருப்பைக் கக்கி எழுந்த தீவு அது. அதன் மலை உச்சியில் வேற்று நிறத்தில் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. வருகிற பறவைகளிடமெல்லாம், "நான் இந்த ஊர்க்காரன் இல்லை. வடக்கேயிருந்து தன்னந்தனியாக மலையேறி வந்தவன்!" என்று மார்தட்டும்.

ஒருநாள் மலை கேட்டது: "அப்படியென்றால் என் முதுகெல்லாம் ஏன் இத்தனை நீளக் கீறல்? யாரோ உன்னை இழுத்து வந்த மாதிரி இருக்கிறதே?"

"ஏறும்போது என் நகம் பட்டிருக்கும்."

அப்போது ஒரு பனித்துகள் பாறையின் தலையில் வந்து இறங்கியது. "ஐயா, சௌக்கியமா? அந்தக் காலத்தில் வடக்கேயிருந்து கடலையே மூடிக்கொண்டு வந்து இந்தப் பள்ளத்தாக்கையெல்லாம் தோண்டிய எங்கள் முப்பாட்டன் பனியாறுதானே உங்களை இங்கே இழுத்துவந்து விட்டார்?"

பறவைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பாறை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அவரா? பாவம், வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்."