ரோஜாப்பூத் தோழி

காய்ச்சல் என்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பா காலையிலேயே வேலையை ஆரம்பித்தார். மகள் சமூக வலைத்தளத்தில் கண்டவர்களிடமும் வாய் கொடுக்கிறாளா என்று சோதித்துப் பார்த்துவிட வேண்டும்!

'வானவில்' என்ற கல்லூரிப் பெண்ணாகக் கணக்குத் தொடங்கினார். படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. ஹாலில் இருந்தபடியே, அறைக்குள் இருந்த மகளுக்கு நட்பு அழைப்பு அனுப்பினார்.

உடனே ஏற்றுக்கொண்டாள்.

"உங்க வீடு எங்க?" என்று தட்டினார்.

தெருவும் கதவு எண்ணும் வந்து விழுந்தன. அப்பா விடாமல் அடுத்ததைத் தட்டினார்.

"யாரும் இல்லாதப்போ வரட்டுமா?"

"தாராளமா. சனிக்கிழமை அப்பா, அம்மா கடைக்குப் போவாங்க. சாவி வாசல்ல, அப்பாவோட பழைய ஷூக்குள்ள இருக்கும்."

அப்பா அறைக்குள் பாய்ந்தார். "அறிவிருக்கா உனக்கு? முன்னபின்ன தெரியாதவகிட்ட சாவி இருக்கிற இடத்தைக்கூடச் சொல்லுவியா?"

மகள் அசரவில்லை. "நான் சொன்னதுல உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்காப்பா?"

அப்பா போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"உங்க போன் நம்பரைக் கொடுத்துத்தானே கணக்கு ஆரம்பிச்சீங்க? அந்த ரோஜாப்பூவுக்குக் கீழயே, 'உங்கள் போனில் இருப்பவர்: அப்பா'ன்னு போட்டுக் காட்டிக்கொடுத்துடுச்சு. உங்க நம்பரை வச்சிருக்கிற எல்லாருக்கும் இப்படித்தான் காட்டும்."

"எல்லாருக்குமா?"

அவர் கையிலிருந்த போன் சிணுங்கியது. மேனேஜர் எழுதியிருந்தார்:

"காய்ச்சல் இப்போ எப்படி இருக்கு, வானவில்?"