ஐந்தாவது பாட்டின் சிரிப்பு

மானேஜர் கதவைத் தட்டவில்லை. உடைத்துக்கொண்டு வராத குறைதான்.

"ஐந்தாவது பாட்டை எடுங்க! சாயங்காலத்துக்குள்ள அதுல சிரிப்பு வேணும். இல்லேன்னா கம்பெனியில மொத்த ஆல்பத்தையும் தூக்கிடுவாங்க!"

ரெக்கார்டிஸ்ட் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பக்கத்து நாற்காலியில் பாடகி. உதட்டருகே போன டீ கப் அங்கேயே நின்றது.

மானேஜருக்குக் கம்பெனியில் 'புயல்' என்று பெயர். இன்று கரையையே கடந்துவிட்டார்.

பாடகியின் பழைய ஹிட் பாட்டுகளின் உரிமை வேறொரு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் அதே பாட்டுகளை அவரையே மறுபடி பாடவைத்து ஒரு தொகுப்பு. காலையில்தான் வெளியானது. மதியத்துக்குள் கேட்டவர்கள் கருத்துகளைக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

முக்கால்வாசி ஐந்தாவது பாட்டைப் பற்றி.

பழைய பதிவில், அந்தப் பாட்டின் கடைசி வரி முடிந்ததும் ஒரு சிரிப்பு வரும். களுக்கென்று கிளம்பி, அடக்கப் பார்த்து, முடியாமல் சிதறுகிற சிரிப்பு. அதற்காகவே பாட்டைக் கடைசிவரை கேட்டவர்கள் உண்டு.

புதிய பதிவில் அது இல்லை.

புயல் போனைப் பார்த்து மூச்சுவிடாமல் படித்தார்.

"'எங்கய்யா அந்தச் சிரிப்பு? கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு பொண்ணைக் காணோம்னு சொல்றீங்களே!' இது ஒருத்தர். 'என் வீட்டுக்காரர் என்கிட்ட காதலைச் சொன்னதே அந்தச் சிரிப்பு ஓயறதுக்குள்ளதான். இப்ப அது செல்லுமா, செல்லாதா?' இது ஒரு அம்மா."

பாடகியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"இருங்கம்மா, அடுத்ததைக் கேட்டுட்டு சந்தோஷப்படுங்க. 'இது அவங்க குரலே இல்ல. எவளோ சின்னப் பொண்ணைப் பாடவெச்சு நம்ம காதுல பூ சுத்தறாங்க. அவங்களா இருந்தா சிரிச்சிருப்பாங்கல்ல?' இதுக்கு ஆமாம் சாமி போட ஒரு ஊரே திரண்டு நிக்குது."

டீ கப் மேஜைக்கு இறங்கியது.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தொண்டையை வெந்நீரால் தாஜா செய்து, வரிக்கு வரி திருத்தித் திருத்திப் பாடியவர். இந்த வயதில் இனி இன்னொரு தொகுப்பு நடக்காது என்று அவருக்கும் தெரியும்.

"பாடினது நான் இல்லையாம்," என்றார் மெல்ல. "சிரிச்சாத்தான் நானாம்."

ரெக்கார்டிஸ்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற மைக்கைப் பார்த்தாள்.

"விட்டுடலாம்க்கா. எதையாவது சொல்லிட்டுப் போகட்டும்."

"எதை விடறது சுண்டெலி? ஆல்பத்தைத் தூக்கிட்டா, நான் பாடினது ஒரு காதுக்கும் போகாது."

ஐம்பதைத் தாண்டிய ரெக்கார்டிஸ்டை இன்னும் சுண்டெலி என்று கூப்பிடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

பாடகி எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். மைக்கின் முன் நின்றார். சிரித்தார்.

முதல் சிரிப்பு, தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல வந்தது. இரண்டாவது இருமலில் முடிந்தது. மூன்றாவது, யாரோ காலை மிதித்துவிட்டது மாதிரி.

புயல் தன் மாமியார் ஜோக்கை எடுத்துவிட்டார். அதற்கு அவரே சிரிக்கவில்லை.

"அம்மா, உங்க சிரிப்புதானேம்மா! சொந்தச் சிரிப்புக்கா இவ்வளவு பிகு?"

பாடகி மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடையில் கூட்டம் கேட்காத கச்சேரி கிடையாது, 'ஒரே ஒரு தடவை சிரிங்கம்மா' என்று. கையெடுத்துக் கும்பிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டும்.

"தம்பி, நீங்க நின்னா வர்ற சிரிப்பும் ஓடிடும். வெளியே போங்க."

"அம்மா, நேரம்..."

"போங்கன்னா போங்க!"

கதவு சாத்தப்பட்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

புயல், பிரசவ அறை வாசலில் நிற்கும் கணவன்போல நடைபாதையை அளந்தார். நகத்தைக் கடித்தார். நகம் தீர்ந்ததும் விரலை முறைத்தார்.

விளக்கு அணைந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ரெக்கார்டிஸ்டின் குரல் மட்டும் வந்தது.

"சேர்த்து அனுப்பியாச்சு சார். போனைப் பாருங்க."

பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று விழுந்தது. பின்னாலேயே மளமளவென்று.

'இதோ! இவங்கதான் எங்கம்மா!'

'அப்பாடா, என் கல்யாணம் செல்லும்!'

'சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்கம்மா. இப்பதான் எல்லாப் பாட்டையும் ஒழுங்கா உட்கார்ந்து கேட்டேன். குரல் முன்னைவிடக் கனிஞ்சிருக்கு. அழுதுட்டேன்.'

புயல் கதவின்மேல் வாயை வைத்து ஒவ்வொன்றாகக் கத்திப் படித்தார். கடைசியில் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"அம்மா! அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும்மா! வயசே ஆகல!"

உள்ளே, பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரெக்கார்டிஸ்டின் கன்னத்தைப் பிடித்து வலிக்கிற மாதிரி கிள்ளினார்.

"கேட்டியாடி சுண்டெலி? உனக்கு வயசே ஆகலையாம்."

பழைய பதிவு நடந்த அன்றைக்கு, பாடி முடித்த கையோடு பாடகி கண்ணடிக்க, மைக்கைச் சரிசெய்ய வந்த இடத்தில் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்த மறந்தவள் அவள்தான்.